குருவி இறங்கும் இடம்

பிப்ரவரி 9, ஞாயிறு

படகுத்துறையில் இன்று நிற்க நேரமில்லை. ஒரு மிதிபடகின் மிதி கழன்று, என் வீட்டுக்காரர் இடுப்பளவு தண்ணீரில் நின்று மாட்டினார். முறுக்கியதை விட முணுமுணுத்ததுதான் அதிகம்.

காலையில் மலை உச்சியிலிருந்து மஞ்சள் பாராகிளைடர் துணியை விரித்துக்கொண்டு கிளம்பியது. என் தங்கை. முன்னால் ஒரு வாடிக்கையாளரைக் கட்டிக்கொண்டு ஏரிக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றினாள். வழக்கம்போலத் துடுப்பைத் தூக்கிக் காட்டினேன். அவள் மலைக்குப் பின்னால் போய் மறைந்தாள். சின்ன வயதிலிருந்தே தரையில் கால் பாவாதவள். அதனால்தான் வீட்டில் அவளுக்குக் குருவி என்று பெயர்.

சாயங்காலம் கரையில் யாரோ சிவப்புச் சாயம் பூசிய குச்சிகளை நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏரிக்குக் குறுக்கே உயர் அழுத்த மின்கம்பி வரப்போகிறதாம். இந்தக் கரையில் ஒரு கோபுரம், அந்தக் கரையில் ஒன்று. அதற்குக் கீழே யார் வந்து படகு விடுவார்கள்?

பிப்ரவரி 13, வியாழன்

குருவி வந்தாள். என்னைவிட அவளுக்குத்தான் கோபம். பறக்க வருகிறவர்கள் எல்லோரிடமும் ஏரிக்காகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். கருத்துக் கேட்புக் கூட்டம் அடுத்த வாரம் சனிக்கிழமை. அன்று அவளுக்கு ஆள் வரும் நாள்.

"நீ பேசுக்கா. உன் பேச்சுதான் என் பேச்சு."

கிளம்பும்போது எப்போதும் சொல்வதைச் சொன்னாள், ஒரு நாளாவது வந்து நான் இறங்குறதைப் பாரேன் என்று. ஞாயிற்றுக்கிழமை படகை யாரிடம் விட்டுவிட்டு வருவது? சரி சரி, வருகிறேன் என்றேன்.

பிப்ரவரி 22, சனி

ஜெயித்துவிட்டோம்! அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

கம்பிக்காரர் (கூட்டம் நடத்திய மின்வாரிய அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர்) நல்ல மாதிரி. குரலே உயர்த்தவில்லை. வரைபடத்தை மேசையில் விரித்து, "ஏரி வேணாம்னா வேற எந்தப் பக்கம் கொண்டு போறது? நீங்களே சொல்லுங்கம்மா" என்றார். இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மலையின் பின்பக்கத்தில் விரலை வைத்தேன். அங்கே வெறும் புல்தான், யாரும் போவதில்லை என்றேன்.

மலையில் பாராகிளைடர் விடுகிறவர்களுக்கு ஆட்சேபணை இருக்காதா என்று கேட்டார்.

"அவ என் தங்கச்சி சார். அவளுக்கும் சேர்த்து நானே சொல்றேன்."

எழுதிக்கொண்டார். கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் மட்டும், குருவியிடம் ஒரு வார்த்தை கேட்டாயா என்றார். அவள் பறப்பது மேலே, கம்பி போவது பின்னால், இதில் கேட்க என்ன இருக்கிறது என்றேன். இவருக்கு எதிலும் ஒரு நொட்டை சொல்லாவிட்டால் சோறு இறங்காது.

ஏப்ரல் 3, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. ஏரி தப்பித்தது. கரையில் இருந்த பிள்ளைகளையெல்லாம் சும்மாவே படகில் ஏற்றினேன். குருவிக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. மேலே இருப்பாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

மேலே இல்லை. வந்தாள். உட்காரவில்லை.

"பின்பக்கம்னு நீயாக்கா சொன்னே?"

ஆமாம் என்றேன்.

"அப்ப நான் எங்க இறங்குறேன்னு நெனச்சே?"

நான் நினைக்கவே இல்லை. ஐயோ, நான் நினைக்கவே இல்லையே! இத்தனை வருஷமா அவ பறக்குறதை மட்டும்தானே பாத்தேன். மேல போனவ எங்கயாவது இறங்கித்தானே ஆகணும்? கம்பி ஓடுற இடத்துல எவ இறங்குவா? அந்தப் பக்கத்தை விட்டா எல்லாம் பாறை, இந்தப் பக்கம் என் ஏரி. யாரும் போறதில்லையாம்! போகாதவ நான்தானே!

ஏப்ரல் 5, சனி

இன்று போனேன். படகுத்துறையைப் பூட்டிவிட்டுப் போனேன். முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தது, பூட்டு மாட்டும் நேரத்தில் முடிந்துவிட்டது.

சரிவான புல்வெளி. ஓடி இறங்கி இறங்கி நடுவில் புல்லே தேய்ந்திருக்கிறது. காற்று எந்தப் பக்கம் என்று காட்ட, கழியில் ஒரு துணி. அந்தத் தேய்ந்த இடத்தின் நடுவிலேயே சிவப்புக் குச்சி. ஓரத்தில் மலையைப் பார்த்தபடி ஒரு பெஞ்சு. இறங்குகிறவர்களைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களுக்காகப் போட்டதாம்.

உட்கார்ந்தேன். அவள் இன்று பறக்கவில்லை.

ஏப்ரல் 16, புதன்

இரண்டு பேரும் அலுவலகத்துக்குப் போனோம். தெரியாமல் சொல்லிவிட்டேன், ஏரி மேலேயே கொண்டுபோங்கள் என்று கெஞ்சினேன். கம்பிக்காரருக்கு நிஜமாகவே சங்கடம். "நீங்கதானேம்மா அவங்களுக்கும் சேர்த்துச் சொன்னீங்க" என்றார். வேறு யாரும் ஆட்சேபிக்காததால் பாதை முடிவாகிவிட்டதாம்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை கெடவில்லை. குருவி கெட்டது.

வெளியே வந்து, "விடுக்கா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

மே 20, செவ்வாய்

பின்பக்கம் லாரிகள் போகின்றன. ஜன்னலைச் சாத்தினாலும் கேட்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

போய்விட்டாள். எங்கேயோ தூரத்தில் ஒரு மலையாம், இன்னொருத்தரிடம் சம்பளத்துக்குப் பறக்கப் போகிறாளாம். சொல்லிக்கொள்ள வந்தபோது துறையில் வரிசை நின்றது. நான் இறங்கி ஓடப் பார்த்தேன், ஆள் நிக்குது, நீ பாரு என்று கையைக் காட்டிவிட்டுப் போனாள். மூட்டை ஒன்றை இவரிடம் கொடுத்திருக்கிறாள். அவள் பறந்த பாராகிளைடரின் மஞ்சள் துணி.

"பழசாயிடுச்சு மாமா. புதுசு அங்க தருவாங்க. இது மழைக்கு ஒழுகாது, அக்காவுக்குப் படகு மூட ஆகும்."

இவர் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நல்ல கூட்டம். குடும்பமாக வந்தவர்கள் ஏரியைப் படம் எடுத்துவிட்டு, எங்கே போனாலும் கம்பி குறுக்கே விழுகிறது, இங்கேதான் வானம் சுத்தமாக இருக்கிறது என்றார்கள். ஆமாம் என்றேன். காலையில் பழக்கத்தில் துடுப்பைத் தூக்கிவிட்டேன். யாருக்கு என்று ஒரு குழந்தை கேட்டது.

சாயங்காலம் மழை கூடியது. வேறு வழியில்லாமல் மூட்டையைப் பிரித்தோம். இவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துப் படகுகள் மேல் விரித்தோம். காற்று உள்ளே நுழைந்ததும் அது எழும்பப் பார்த்தது. கரையிலிருந்து பெரிய கற்களாகப் பொறுக்கி வந்து, ஓரம் முழுக்க வைத்தேன்.