கனம் வேறு, இறுக்கம் வேறு

அன்புள்ள என் மதினிக்கு,

நல்லா இருக்கீங்களா என்று எழுத வந்து கையை நிறுத்திக்கொண்டேன். போய்ச் சேர்ந்தவரிடம் கேட்கிற கேள்வியா இது என்று நீங்களே சிரிப்பீர்கள். சரி, இங்கே எல்லாரும் நலம். வெஞ்சனத்தில் உப்பு இல்லையென்று அண்ணன் மறுபடியும் என்னைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். தேறிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலருக்குத் தையில் கல்யாணம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உங்களிடம் நான் எதை நேராகச் சொல்லியிருக்கிறேன்?

என் வீட்டுக்காரர் இறந்தபின், கைக்குழந்தையாக இருந்த மலரைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல்லில் உங்கள் வாசலில் வந்து நின்றேனே, தொண்ணூறுகளின் கடைசியில். அண்ணன் பெண்டாட்டி முகத்தைச் சுளிக்கத்தான் செய்வாள், பொறுத்துக்கொள்ளணும் என்று பஸ்ஸிலேயே மனதைக் கல்லாக்கிக்கொண்டு வந்தேன். நீங்கள் பையை வாங்கி உள்ளே வைத்தீர்கள். சாப்பிட்டாயா என்று கேட்டீர்கள். எத்தனை நாள் இருப்பாய் என்று கடைசிவரை கேட்கவே இல்லை. அதற்கே நான் உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும், மதினி.

தொப்பம்பட்டியிலிருந்து மலரின் பெரியப்பா வந்தது ஞாபகம் இருக்கிறதா? கெட்ட மனிதர் இல்லை. அதனால்தான் எனக்குப் பயமே.

"புள்ளைய எங்ககிட்ட உட்டுருங்க. எங்கூட்டுல சோத்துக்குப் பஞ்சமில்லீங்க. உங்க தங்கச்சி எத்தனை நாளைக்குங்க உங்களையே அண்டியிருக்கும்?" என்று அண்ணனிடம் தன்மையாகத்தான் கேட்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். சம்பாத்தியம் இல்லாத நான் என்ன பேச? உள்ளேயிருந்து வந்து நீங்கள்தான் பதில் சொன்னீர்கள். ஒரு வருடம் பொறுங்கள், அதற்குள் ராணி தன் காலில் நிற்காவிட்டால் பிறகு பேசுவோம் என்று. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். எதை நம்பிச் சொன்னீர்கள்?

கல்யாணத்தோடு நீங்கள் பீரோவில் மடித்து வைத்த உங்கள் கெமிஸ்ட்ரி படிப்பை நம்பி. கொல்லைப்புறத்தில் பிளாஸ்டிக் டிரம்மை வைத்துப் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலக்கக் கற்றுக்கொடுத்தீர்கள். நீங்கள் அளந்து ஊற்ற, நான் கட்டையால் கிண்டுவேன். தெருத் தெருவாக விற்றதில் பஸ் காசுகூடத் தேறவில்லை. அப்போதுதான் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரியாணிக் கடை வந்து வாய்த்தது. அந்தக் கடை அண்டாக்கள் நம் சரக்கில் கழுவப்பட்டால் மலர் என்னோடு இருப்பாள். இல்லையென்றால் தொப்பம்பட்டி. கணக்கு அவ்வளவுதான்.

அந்த முதலாளியை மறக்க முடியுமா! டீக்கு வாங்கும் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று லாக்டோமீட்டரைப் போட்டுப் பார்த்துப் பார்த்தே பழகிய மனிதர், நம் கேனிலும் அதைப் போட்டார். அது கழுத்துவரை முங்கியது. வேறொருவர் கொண்டுவந்திருந்த கேனில் போட்டார். நிமிர்ந்து நின்றது. நம் சரக்கில் தண்ணீர் கலந்திருக்கிறதென்று தீர்ப்பே சொல்லிவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! இது என்ன எருமைப் பாலா என்று கேட்டேவிட்டேன். நீங்கள் என் கையைப் பிடித்து அமுக்கினீர்கள்.

அந்தக் கேனில் இருப்பது உப்புக் கனம், உப்பைக் கொட்டினால் எந்தத் திரவமும் கனத்துவிடும், மீட்டர் மிதக்கத்தான் செய்யும் என்று அவரிடம் மெல்லச் சொன்னீர்கள். அவர் நம்பவில்லை. பேனாவுக்கு மை ஊற்றுகிற ஃபில்லரைக் கைப்பையிலிருந்து நீங்கள் எடுத்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. கழுவுகிற தொட்டியடியில் மூன்று சட்டி. ஒன்றில் வெறும் தண்ணீர், மற்ற இரண்டிலும் ஒரே அளவாகக் கரைத்த இரண்டு சரக்கு. ஒவ்வொன்றையும் ஃபில்லரில் அதே கோடுவரை எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு அவரையே எண்ணச் சொன்னீர்கள். தண்ணீர் பெரிய பெரிய சொட்டாக விழுந்தது. உப்புச் சரக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். நம்முடையது பொடிப் பொடியாக விழுந்து, எண்ணிக்கை தண்ணீரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போனது.

அந்த மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை, மதினி.

"ஏம்மா, கனமா இருந்தாலும் சொட்டு சீக்கிரம் அத்துக்கிட்டு விழுகும்ல? அதுலயும் எண்ணிக்கை கூடத்தானே செய்யும்?" என்று மடக்கினார்.

நான் போச்சு என்று நினைத்தேன். உங்கள் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே, காலேஜில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளை எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குப் பார்த்துவிட்டேன்.

"சரியாக் கேட்டீகண்ணே. அதுக்குத்தான் உங்க மீட்டரும் வேணும். மூணு சட்டியிலயும் போடுங்க" என்றீர்கள்.

போட்டார். உப்புச் சரக்கில் ஒரு நூல் மேலே நின்றதே தவிர, மூன்றிலும் ஏறக்குறைய ஒரே மட்டம். நம் சட்டியின் கனம் தண்ணீரின் கனம்தான். அப்படியென்றால் சொட்டு சிறுத்ததற்குக் கனம் காரணமில்லை. சொட்டைக் கீழே இழுப்பது அதன் எடை, விழாமல் பிடித்துவைப்பது அதன் மேல்பரப்பின் இறுக்கம். சோப்பு கலந்ததும் எடை அப்படியே இருக்க, பிடி மட்டும் தளர்ந்துவிடுகிறது. அடர்த்தி, பரப்பு இழுவிசை என்று நானும் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவள்தான். அந்தத் தொட்டியடியில்தான் விளங்கியது. கனத்த திரவமெல்லாம் இறுக்கமான திரவம் இல்லை. ஆனால் இறுக்கத்தை அளக்கணும் என்றால் கனமும் தெரிந்தாகணும். அவருடைய மீட்டரும் பொய் சொல்லவில்லை, பாதி சொன்னது.

அதோடு விட்டீர்களா? ஃபில்லர் நுனியில் சைக்கிள் வால்டியூப் என்கிற சின்ன ரப்பர் குழாயை மாட்டி, வாய் மேலே பார்க்கும்படி வளைத்து, கடலை எண்ணெயைத் தண்ணீருக்கு அடியில் விட்டீர்கள். எண்ணெய் தண்ணீரைவிட லேசு, மேலே வரத்தான் துடிக்கும். ஆனாலும் இரண்டுக்கும் நடுவே உள்ள இறுக்கம் அதை நுனியிலேயே பிடித்து வைத்தது; உருண்டு பருத்த பிறகுதான் விட்டது. நம் சோப்புத் தண்ணீரில் அதே எண்ணெய் கடுகு கடுகாகக் கிளம்பி வந்தது. அண்டாவில் ஒட்டின ஆட்டுக்கொழுப்பும் இப்படித்தான் கழன்று வரும், வெந்நீராக இருந்தால் இன்னும் லேசாக வரும் என்றீர்கள்.

முதலாளி மீட்டரைத் துடைத்து வைத்தார். பிறகு, "ரெண்டு பேரும் சேந்து என்னை மடக்கிட்டீக. நாளைக்கே ரெண்டு கேன் இறக்குங்க" என்றார். கடைசிவரை ஒவ்வொரு கேனிலும் அந்த மீட்டரைப் போட்டுப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. நானும் சண்டை போடுவதை விடவில்லை.

ஒரு கடை நாலாச்சு, ஹாஸ்டல் வந்தது, கல்யாண மண்டபம் வந்தது. வருடம் முடிந்தபோது பெரியப்பா வந்தார், டிரம்களைச் சுற்றிப் பார்த்தார், மலருக்கு வாங்கி வந்த பண்டத்தைக் கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். அவர் போனதும் கொல்லையில் உங்களைக் கட்டிக்கொண்டு அழுதேன். அடுப்பில் உலை கொதிக்கிறது என்று சொல்லி நீங்கள் நழுவிவிட்டீர்கள். நன்றி சொல்ல என்றைக்காவது விட்டிருக்கிறீர்களா?

மலர் கணக்குப்பதிவியல் படித்தாள். கெமிஸ்ட்ரி என்றாலே சோப்பு வாசம் அடிக்கிறது என்பாள். கோபப்படாதீர்கள்.

கல்யாணப் பேச்சு முடிந்ததும் பெரியப்பா அண்ணனுக்குப் போன் செய்தார். சபையில் தாரை வார்க்கத் தம்பதியாக நிற்கணும், உங்கள் மனைவியும் இல்லை, தங்கச்சி புருஷனும் இல்லை, அதனால் நானும் என் வீட்டம்மாவும் நின்றுகொள்கிறோம் என்று தன்மையாகத்தான் கேட்டிருக்கிறார். நீங்கள் இருந்திருந்தால் அந்த இடத்தில் நீங்கள்தான் நிற்பீர்கள். எனக்கு அதில் ஒரு குறையும் இருந்திருக்காது. பெற்றது நான் என்றாலும் அவளை என் கையில் தங்கவைத்தது நீங்கள்.

அண்ணன் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டார். இந்தத் தடவை உள்ளேயிருந்து வருவதற்கு நீங்கள் இல்லை, மதினி. அதனால் போனை நான் வாங்கினேன்.

"நீங்க முன்னால நின்னு ஆசீர்வாதம் பண்ணுங்க, மச்சான். தாரை வார்க்கிறது நானும் எங்க அண்ணனும்தான்" என்றேன்.

சரிங்க என்றார்.

தையில் மணவறையில் நான் கூனிக் குறுகி நிற்க மாட்டேன். தாம்பூலத் தட்டை நிமிர்ந்து நின்று வாங்குவேன். உங்கள் அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டுதான் நிற்பேன். இது சத்தியம்.

உங்கள் நாத்தனார்,
ராணி