விரியாத செம்பருத்தி

நாள் 64 — 08:10
செவ்வாய்க் கோள், வடக்குக் குடில். பதிவு: சந்தனமாரி, தாவரவியல். வெப்பம் 24. ஈரப்பதம் 61. செம்பருத்தி 92 செ.மீ. ஆறு மொட்டுகள் சிவந்திருக்கின்றன, எதுவும் விரியவில்லை. நேற்று இரண்டு உதிர்ந்தன. பொட்டாஷ் கூட்டினேன்.

அறுபது கிலோமீட்டர் தள்ளி, தெற்குக் குடிலில் பெனிட்டா தனியாக இருக்கிறாள். இருவருக்கும் ஒரே பெட்டியில் வந்த கிளைத்துண்டுகள்தான். எவர் செடி முதலில் பூக்கிறதோ அந்தக் குடிலைத் தலைமைத் தளம் வைத்துக்கொள்ளும். மற்றது நூறாம் நாளில் மூடப்படும்.

நாள் 71 — 10:25
பெனிட்டாவின் செடி பூத்துவிட்டது. ஐந்து இதழ், உள்ளங்கை அகலம். தளம் படத்தை எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறது. எனக்கு அவள் தனியே அனுப்பியது: “அக்கா, ஒங்களுக்குத்தான் மொதல்ல காட்டணும்னு இருந்தேன். அதுக்குள்ள தளத்துல எடுத்துட்டாவ.”

‘வாழ்த்துகள்’ என்று அனுப்பினேன். அந்த ஒரு சொல்லுக்குப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. இந்த வேலையில் அவளைவிட எனக்கு ஒன்பது ஆண்டு கூடுதல்.

நாள் 74 — 09:00
இன்று விரிந்த அடுத்த பூவைக் காதோரம் செருகிப் படம் எடுத்திருக்கிறாள். பூவை அளந்து பதப்படுத்த வேண்டும் என்பது விதி. தளத்துக்குச் சுட்டிக்காட்டினேன். ஒருவரும் பதில் எழுதவில்லை.

அவளுக்கு அழகாகத்தான் இருந்தது.

நாள் 79 — 11:40
புழுதிப் புயல். சூரியத் தகடுகள் மங்கிவிட்டன. இரண்டு குடில்களுக்குமான மின்பங்கீட்டுப் பலகை என்னிடம் இருக்கிறது. பாதிக்குப் பாதி என்பது உத்தரவு. எனக்கு எழுபது, அவளுக்கு முப்பது என்று வைத்தேன். அவள் செடி நாலு இலை உதிர்த்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

நாள் 80 — 10:15
பெனிட்டா: “அக்கா, இங்க எல கொட்டுது. ராத்திரி கை வெறச்சுப் போச்சு. ஒங்க பக்கமும் குளிருதா?”
என் பதில்: “இங்கே அதைவிட மோசம்.”
இங்கே 22.

நாள் 81 — 09:30
பெனிட்டா: “ஒங்க நாப்பத்தெட்டாம் நாள் மொட்டுப் படத்த நல்லாப் பாத்தேன் அக்கா. அது நம்ம செம்பருத்தியே இல்ல. பெட்டியில ஒண்ண மாத்தி வச்சிருக்காவ. அது மொட்டுச் செம்பருத்தி, விரியவே விரியாது. அதோட பூவே அப்படித்தான். மகரந்தக் குழல் நுனியில வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு பாருங்க. அப்படின்னா ஒங்களுக்கு நாப்பத்தெட்டாம் நாளே பூத்தாச்சு. நீங்கதான் மொதல்ல. தளத்துக்கு எழுதிட்டேன்.”

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மகரந்தக் குழல் இருக்கிறது. மகரந்தமும் இருக்கிறது. இத்தனை நாளும் அவள் பூவின் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் செடியை ஒரு தடவைகூடக் கிட்டப்போய்ப் பார்க்கவில்லை.

09:50
பங்கீட்டைச் சரிசெய்யப் போனேன். பலகை ஏற்கவில்லை. தளத்திலிருந்து நேற்று மாலையே புறப்பட்ட செய்தி, புயலில் தாமதமாகி இப்போது வந்திருக்கிறது: “வடக்கில் குளிர் கடுமை என்று பெனிட்டா தெரிவித்தார். அவர் வேண்டுகோளின்படி தெற்கின் பங்கும் வடக்குக்கு அளிக்கப்படுகிறது. தனி வெப்பமூட்டி உள்ள தன் வண்டிக்குள் இருந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார். புயல் முடியும்வரை பலகை பூட்டப்படும்.”

தளத்தைக் கூப்பிட்டேன். இணைப்பு இல்லை. அவளைப் பதினோரு முறை கூப்பிட்டேன்.

13:05
வண்டியில் போய்க்கொண்டிருக்கிறேன். முன்னால் எதுவும் தெரியவில்லை. இதைப் படிப்பவர்களுக்கு: எழுபது, முப்பது என்று வைத்தது நான். இயந்திரத்தில் எந்தக் கோளாறும் இல்லை.

17:40
தெற்குக் குடில். அவள் வண்டி வாசலில் நிற்கிறது. உள்ளே ஆள் இல்லை.

செடி அறையில் மைனஸ் 31. தொட்டியைத் தன் போர்வையால் சுற்றி, அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கூப்பிட்டேன். தொட்டேன். விறைத்துப் போயிருக்கிறாள்.

மேலே ஒரு பூ. செம்பருத்தி ஒரு நாள் பூ. குளிர் அதை வாடவிடவில்லை. முழுசாக விரிந்து

உண்மையை எழுதிவிடுகிறேன். கதவைத் திறந்ததும் நான் பார்த்தது பூவைத்தான். எவ்வளவு பெரிது என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் அவளை