செவலையின் மூஞ்சி

அன்புள்ள அப்பாவுக்கு, கனடாவிலிருந்து ஜாய்ஸ். முழங்கால் வலி தேவலையா? போனில் கேட்டால் மழுப்புவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

போன வாரம் முதுகில் மூட்டையோடு தனியாக மூன்று நாள் காட்டில் நடந்தேன். பயப்படாதீர்கள். கரடி ஒன்று தூரத்தில் நின்று பார்த்துவிட்டு அதன் வழியே போனது. நம் நாய் செவலை கூட இருந்திருந்தால் உறுமியிருப்பான் என்று நினைத்து, கோம்பையிலிருந்து நீங்கள் போன மாதம் பிடித்து அனுப்பிய அவன் படத்தை எடுத்துப் பார்த்தேன்.

எப்போது கேட்டாலும், "தோட்டத்துப் பக்கம் நல்லாத்தான் திரியிறான் ஆத்தா" என்கிறீர்கள். நான் கிளம்பும்போதே அவன் மூஞ்சி நரைத்திருந்தது. படத்தில் கன்னங்கரேலென்று இருக்கிறது. நரைத்த மூஞ்சி திரும்பக் கறுக்குமா அப்பா?

பஸ் வந்துவிட்டது. இட்லிப்பொடியோடு அவன் பழைய கழுத்துப்பட்டையையும் அனுப்புங்கள். அவனுக்கு இனி அது வேண்டாம் என்றால் மட்டும்.

ஜாய்ஸ்