அத்தையின் முழுப் படம்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், அப்பாவின் இருமலும் நலம், அது அவரை விட்டுப் போவதாக இல்லை. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். குழாய் ரிப்பேர் ஒருவழியாக முடிந்தது, குழாய்க்காரர் வந்து போனதில் குளியலறைச் சுவரில் புதிதாக ஒரு ஓட்டை, இனி அதற்குக் கொத்தனாரைத் தேட வேண்டும். போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் இதை எழுதுகிறேன். உடல் பருமன் பற்றிய உன் கட்டுரை பத்திரிகையில் வந்த அன்று உன் அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. படித்துக்கூடப் பார்க்காமல் பேருந்து நிலையத்துக்கு எடுத்துப் போய், தான் அறிவிப்புச் செய்கிற கண்ணாடி அறையில் ஒட்டிவிட்டாள். என் அண்ணன் மக எழுதினது என்று ஓட்டுநர், நடத்துநர் ஒருவரையும் விடவில்லையாம். மத்தியானம் ஒரு நடத்துநர்தான், இந்தப் படத்துல இருக்கிற சேலையை எங்கேயோ பாத்த மாதிரி இருக்கே என்றாராம். கழுத்துக்கு மேலே வெட்டி, வயிறும் இடுப்பும் மட்டும் தெரிகிற அந்தப் படம் அவளுடையதுதான், உன் பட்டமளிப்பு விழாவுக்கென்றே அவள் ஆசையாக எடுத்த சேலை அது. அப்புறம்தான் உட்கார்ந்து படித்திருக்கிறாள். குண்டு மனிதர்களாம், சோம்பேறிகளாம், வாயைக் கட்டத் தெரியாதவர்களாம்.

அவளுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம் என்பது நீ அறியாததா, அவளுக்காக நான் வக்காலத்து வாங்குவேன் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டாய். ஆனாலும் மனசு கேட்கவில்லை. முகம் தெரியக் கூடாதே என்று நல்லெண்ணத்தில்தான் வெட்டியிருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. முகத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஆளா, நீயே சொல். தூக்கத்தில் அவளுக்கு மூச்சு முட்டுகிறது, நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கெஞ்சி அடுத்த மாதம் டாக்டரிடம் வரச் சம்மதித்திருந்தாள். இப்போது மாட்டேன் என்கிறாள். நான் தூக்கி வளத்த பொண்ணே இப்படித்தான் பாக்குறா, டாக்டர் மட்டும் வேற மாதிரியா பாக்கப் போறாரு, விடுங்க அண்ணி என்றாள். சண்டைக்காவது வரட்டும் என்று அவள் போட்ட டீயைக் குறை சொன்னேன், தம்ளரை வாங்கிக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதாதே என்று சொல்லவில்லை. சர்க்கரை மாதிரி, ரத்தக் கொதிப்பு மாதிரி இதுவும் உடம்புக்கு வருகிற ஒன்றுதான் என்று எனக்குச் சொன்னவளே நீதான். அப்பாவை இருமல்காரர் என்றா எழுதுவாய், அப்பாவுக்கு இருமல் என்றுதானே எழுதுவாய். அத்தைக்கும் அந்த மரியாதையைக் கொடு. அவள் யார் என்று முதலில் சொல், ஊரே அவள் குரலைக் கேட்டுத்தான் பஸ் ஏறுகிறது என்று சொல், உடம்பைப் பற்றி அப்புறம் எழுது. பத்திரிகையிலும் திருத்தம் போடச் சொல். எல்லாவற்றுக்கும் முன்னால் அவளுக்குப் போன் செய், எடுக்காவிட்டால் எடுக்கும்வரை அடி, டாக்டர் நாள் நெருங்குகிறது, மறந்துவிடாதே.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இரு. வெட்டாத படத்தை அப்பா தேடி எடுத்துக் கொடுத்தார், இதோடு வைத்திருக்கிறேன். அத்தை வாய் கொள்ளாமல் சிரிக்கிறாள். அவள் தோளில் சாய்ந்துகொண்டு நிற்பது நீ.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா