கதை சொல்பவளின் கூடை

அக்கா,

என் நாவல் அச்சாகிவிட்டது. முதல் பிரதி உனக்குத்தான். எதிர்வீட்டு இருளாயி மதினியின் மகளை வாசிக்கச் சொல்லிக் கேள்.

"கதை சொல்ல எங்கே சார் படிச்சீங்க?" என்று பதிப்பாளர் கேட்டார். கருவாட்டுக் கூடைகளுக்குப் பின்னால் நடந்து படித்தேன் என்றேன். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். நம் ஊர் கட்டுமாவடியிலிருந்து சந்தைக்குக் கருவாடு சுமந்து போகும் வழியில், கதை சொல்கிறவள் சுமை தூக்கக் கூடாது என்ற உங்கள் வழக்கம் அந்த மனுஷருக்கு எப்படித் தெரியும்?

கதையைத் தொடங்காமல் நீ பிகு பண்ணுவாய். மதினி உன் கூடையைப் பிடுங்கித் தன் கூடைமேல் ஏற்றிக்கொண்டு, "நீ சொல்லுடி, கூடைய நான் பாத்துக்கிறேன்" என்பாள். அத்தனை பாரத்தோடும் அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். கதைக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரிந்தது அங்கேதான்.

மதினி கடிதம் எழுதச் சொல்லி அனுப்பியிருந்தாள். அத்தானின் படகு திரும்பாத நாளிலிருந்து நீ யாரோடும் பேசுவதில்லையாம். ஆறுதலாக எழுதலாமென்று உட்கார்ந்தால் ஒரு வரிகூட வரவில்லை. நானெல்லாம் என்ன எழுத்தாளன்!

வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன். சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை. நீ சொல்லுக்கா, கூடைய நான் பாத்துக்கிறேன்.

உன் பின்னாலேயே நடந்த
தம்பி