தூண்டப்படுகிறது

வியாழக்கிழமை, இரவு

சனிக்கிழமை ஜாலான் புசாரில் பொதுமக்களுக்குத் தமிழில் பேச நான் எழுதிய உரையை, எங்கள் ஆய்வகத் தலைவர் சேகர் இன்று திருத்தித் தந்தார். கண்ணின் ஒளியுணர் செல்லில் உள்ள நொதி ஒளி பட்டதும் 'விடுவிக்கப்படுகிறது' என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு 'தூண்டப்படுகிறது' என்று போட்டிருந்தார்.

"ஸ்கூல் புக்ல அப்படித்தான் லா இருக்கு."

இருக்கட்டுமே. அந்த நொதியை யாரும் தூண்டிவிட வேண்டியதில்லை. இருட்டில் இரண்டு சிறு புரதங்கள் அதன் வாயை அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஒளி பட்டதும் இன்னொரு புரதம் வந்து அவற்றை விலக்குகிறது. வாய் திறந்ததும் நொதி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. இதைத்தான் அவரிடம் சொன்னேன்.

சிரித்தார். "சரி, சனிக்கிழமை நானே பேசிடறேன். உனக்கு இன்னும் கான்ஃபிடன்ஸ் பத்தல. யாராவது புஷ் பண்ணிக்கிட்டே இருக்கணும்."

சென்ற மாநாட்டிலும் என் ஆய்வைப் பற்றிப் பேச அவரேதான் போனார். அன்றைக்குப் போலவே இன்றும் "ஓகே சார்" என்றேன். பூன் லே நிலையம் வந்து சேரும்வரை ரயிலில் அந்த ஓகேயை மென்றுகொண்டே வந்தேன். இன்னும் கசக்கிறது.

எனக்கு புஷ் வேண்டாம் சார். வாயிலிருந்து கையை எடுங்கள், போதும்.