பெங்களூர்க் காற்று

21.8.2006, திங்கள்

இன்று ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளியில், ஊர் மக்களின் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அடி வாங்கினேன். புது ஆலையின் புகை ஊர்ப் பக்கம் வராது என்று கம்ப்யூட்டர் மாடலைத் திரையில் ஓட்டிக் காட்டியதுதான் குற்றம். ராகி விவசாயி முனியப்பா எழுந்து வந்து பளாரென்று அறைந்தார். மூக்குக்கண்ணாடி பறந்தது.

"பழைய ஆலைப் புகையிலயே என் மக ராவெல்லாம் இருமுறா. உன் பொட்டியில மட்டும் காத்து திரும்பிப் போவுதாய்யா?"

நாற்காலிகள் பறந்தன. நான் மேஜைக்கு அடியில் பாய்ந்தேன். இந்தத் தொப்பைக்கு அது சாதனை.

ஓசூர்க் காற்று எந்தத் திசையில் வீசும் என்ற கணக்கு கிடைக்காமல் பெங்களூர்க் காற்றை மாடலில் போட்டவன் நான்தான். யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பும்போது ஜீப்பில் ஆலை மேனேஜர், "காட்டுமிராண்டிங்க சார். நாளைக்கு உங்க புகை ஆய்வு ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டுடுங்க" என்றார்.

இடது கன்னம் வீங்கிவிட்டது. கையெழுத்துப் போடும் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.